பத்தொன்பதாம் நம்பர் பொடி

போன பிப்ரவரியில் சித்தியோடு போனில் பேசும்போது வாக்கியத்துக்கு ஒரு தும்மல் போட்டுக்கொண்டிருந்தேன். "என்னடா, ஜப்பான்ல மருந்தே கிடையாதா?" என்று கேட்டார். டாக்டர் மூலிகைப் பொடி கொடுத்திருக்கிறார், கொஞ்சம் பரவாயில்லை என்று சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். மூலிகை என்றதும் மதுரையில் இருக்கும் சித்திக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இங்க நம்ம பயலுக்கும் வீசிங் இருக்கு, எனக்கும் காலைல எந்திரிச்சா தும்மல்தான். வரும்போது நாலு டப்பா வாங்கிட்டு வா." அவருக்கு பிரஷர் மாத்திரை உண்டு, டாக்டரைக் கேட்க வேண்டாமா என்று இழுத்தேன். "மூலிகைதானேடா, என்ன பண்ணிடப் போகுது?" என்றார்.

அதே வாரத்தில், மருந்து ஆராய்ச்சியில் இருக்கும் ஒரு நண்பனிடம் இதே பொடியைப் பற்றிச் சொன்னபோது அவன் நேர் எதிராக ஒன்று சொன்னான். "அதுல வேலை செய்யறது எபெட்ரின்ங்கற ஒரே வேதிப்பொருள்தான். மீதி ஏழு மூலிகையும் அலங்காரம். எபெட்ரின் வேணும்னா எபெட்ரினையே சாப்பிடு." இரண்டு பேருமே என்மேல் அக்கறை உள்ளவர்கள், இரண்டு பேருமே அடித்துச் சொல்கிறவர்கள். எனக்கு இரண்டுமே இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை என்று யோசித்ததன் விளைவுதான் இந்தப் பதிவு.

ஜப்பானில் இருப்பவர்களுக்குக் கஃபுன்ஷோவை, அதாவது பூந்தூள் ஒவ்வாமையை, விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சுருக்கமாக: இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மலை மலையாக சுகி என்ற ஊசியிலை மரத்தை நட்டார்கள். மரங்கள் வளர்ந்து பூந்தூள் கொட்டத் தொடங்கின. 1964-இல் நிக்கோ பகுதியிலிருந்து முதல் நோயாளிகளைப் பற்றிய மருத்துவக் கட்டுரை வந்தது. 2019-இல் காது மூக்குத் தொண்டை மருத்துவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் வைத்து எடுத்த கணக்கில் சுகி ஒவ்வாமை மட்டும் 38.8 சதவீதம். 2023-இல் பிரதமர் கிஷிதா இதை நாட்டின் பிரச்சினையாகவே எடுத்துக்கொண்டு, பத்து ஆண்டுகளில் சுகி தோப்புகளை 20 சதவீதம் குறைப்போம், முப்பது ஆண்டுகளில் பூந்தூளைப் பாதியாக்குவோம் என்று திட்டம் போட்டார். வந்த புதிதில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மாஸ்க்கும் கண்ணாடியுமாக ரயிலில் நிற்பவர்களைப் பார்த்து, நம் ஊர் தூசிக்குப் பழகிய மூக்கு இது, இதற்கெல்லாம் அசையாது என்று நினைத்துக்கொள்வேன். உடம்புக்கு ஒவ்வாமை கற்றுக்கொள்ளச் சில வசந்தங்கள் தேவைப்படுகின்றன, அவ்வளவுதான்.

தோக்கியோவின் நிஷிகசாயில் நான் போகும் டாக்டர் ஃபெக்சோஃபெனடின் என்ற ஒவ்வாமை மாத்திரையோடு இந்தப் பொடியையும் எழுதினார். ஷோசெய்ரியூதோ என்று பெயர், சிறிய பச்சை டிராகன் கஷாயம் என்று சொல்லலாம். ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் சீனாவில் ஜாங் ஜோங்ஜிங் எழுதிய மருத்துவ நூலில் உள்ள கூட்டு. ஜப்பானில் இதைக் கஷாயமாகக் காய்ச்சி, வடித்து, உலர்த்தி, குருணையாக்கி, அலுமினியப் பாக்கெட்டில் அடைத்து, 19 என்று நம்பர் போட்டுவிடுகிறார்கள். இன்சூரன்ஸ் உண்டு. கிழித்தால் வெளிர் பழுப்பில் ரவை மாதிரி விழும். வெந்நீரில் போட்டால் முதலில் பட்டை வாசனை, பின்னால் ஒரு புளிப்பு, கடைசியில் நாக்கின் நுனி லேசாக மரத்துப்போகிறது. அந்த மரப்பு அசாரம் வேருடையது. எட்டுச் சரக்கு: மாவோ என்கிற எபெட்ரா தண்டு (எபெட்ரின் இதில்தான் இருக்கிறது), சுக்கு, அதிமதுரம், பட்டை, அசாரம் வேர், ஸ்கிசாண்ட்ரா பழம், பியோனி வேர், பினெல்லியாக் கிழங்கு. இதில் மூன்று நம் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். சித்திக்கு இதைச் சொன்னால் இன்னும் நாலு டப்பா கூடுதலாகக் கேட்பார் என்பதால் சொல்லவில்லை.

கவுன்டரில் நடந்தது

டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து மருந்தகத்துக்குப் போனேன். இங்கே எல்லோரிடமும் 'மருந்துக் கைப்புத்தகம்' என்று ஒன்று இருக்கும். உள்ளங்கை அகல நோட்டு. எந்த மருந்தகத்தில் எது வாங்கினாலும் அதில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள். நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் கவுன்டரில் இருந்தார். என் நோட்டைப் புரட்டியவர் ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினார். அதற்குச் சில நாட்கள் முன்பு அலுவலகம் பக்கமுள்ள வேறொரு கிளினிக்கில் சளிக்குக் கொடுத்த கக்கோன்தோ, அதுவும் மூலிகைதான், ஒன்றாம் நம்பர். "இது இன்னும் மிச்சம் இருக்கிறதா?" என்று கேட்டார். வீட்டில் இருக்கிறது என்றேன். உடனே ஒரு துண்டுத்தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

ஒன்றாம் நம்பரில் ஒரு நாளைக்கு மாவோ 3 கிராம், அதிமதுரம் 2 கிராம். பத்தொன்பதாம் நம்பரில் மாவோ 3 கிராம், அதிமதுரம் 3 கிராம். இரண்டையும் ஒன்றாகச் சாப்பிட்டால் மாவோ 6, அதிமதுரம் 5. அந்த 6-ஐயும் 5-ஐயும் வட்டம் போட்டுக் காட்டினார். ஆகவே அதை நிறுத்திவிட்டு இதை மட்டும் சாப்பிடுங்கள் என்றார். பிறகு கேள்விகள் வரிசையாக வந்தன. ரத்த அழுத்தம் உண்டா? இதயக் கோளாறு? தைராய்டு? சிறுநீர் போவதில் சிரமம்? பொட்டாசியம் குறைவு என்று எப்போதாவது சொல்லியிருக்கிறார்களா? ஓட்டப் பந்தயம், சைக்கிள் போட்டி எதிலாவது கலந்துகொள்கிறீர்களா? கடைசிக் கேள்விக்குச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. எபெட்ரின் போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்ட பொருள், சிறுநீர்ச் சோதனையில் தெரியும் என்றார். தூக்கம் வராவிட்டாலோ நெஞ்சு படபடத்தாலோ, கை கால் சோர்ந்து தசை வலித்தாலோ உடனே நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லி, துண்டுத்தாளையும் மடித்து நோட்டுக்குள் வைத்துக் கொடுத்தார்.

எனக்கு அந்த ஐந்து நிமிடம்தான் எல்லாமே. பொடியைப் பற்றி அதுவரை யாரும் அவ்வளவு மரியாதையாக என்னிடம் பேசியதில்லை. மூலிகையை நம்புகிறவர்கள் அதைத் தாய்ப்பால் மாதிரிப் பேசுவார்கள். நம்பாதவர்கள் வெறும் மண் என்பார்கள். இந்த அம்மா மட்டும்தான் அதை மருந்தாக எடுத்துக்கொண்டு பேசினார். அதாவது அது ஏதோ செய்யும், செய்வதனால் கெடுதலும் செய்யும், ஆகவே அளந்து கொடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜப்பானிய மருந்து நூல் விதிப்படி மாவோவில் எபெட்ரினும் சூடோஎபெட்ரினும் சேர்ந்து 0.7 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 3 கிராமுக்குக் குறைந்தது 21 மில்லிகிராம். கொதிக்க வைக்கும்போது எல்லாமே இறங்கிவிடாது, சரக்கு விதிக்கும் மேலான தரமாகவும் இருக்கலாம். எப்படியும் அந்தக் காலத்து ஆஸ்துமா மாத்திரை ஒன்றில் இருந்த 25 மில்லிகிராமுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. இது பொம்மைக் கணக்கு இல்லை. அதிமதுரம் இன்னும் சுவாரசியம். நாம் தொண்டைக்கரகரப்புக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் அதே இனம், இங்கே உரால் வகை. அதிலுள்ள கிளிசிரைசினைக் குடல் பாக்டீரியா உடைத்து உள்ளே அனுப்புகிறது. அது சிறுநீரகத்தில் கார்டிசோல் என்ற ஹார்மோனைச் செயலிழக்க வைக்கும் நொதியைத் தடுத்துவிடுகிறது. உடம்பு உப்பைப் பிடித்துக்கொள்ளும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும், ரத்த அழுத்தம் ஏறும். ஒரு நாளைக்கு அதிமதுரம் 2.5 கிராமைத் தொடும் கூட்டுகளை, பொட்டாசியம் குறைவாக உள்ளவர்களுக்குக் கொடுக்கவே கூடாது என்று இங்கே மருந்துக் குறிப்புத் தாளில் அச்சடித்திருக்கிறார்கள். சித்தியின் பிரஷர் மாத்திரை நீர் பிரியவைக்கும் வகை, அதுவும் பொட்டாசியத்தை வெளியேற்றும். மேலே எபெட்ரின் வேறு. அன்று இரவே கூப்பிட்டு, கொண்டு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பையனுக்கு அங்கே டாக்டர் கொடுத்த இன்ஹேலரை ஒழுங்காக இழுக்கச் சொல்லுங்கள் என்றேன். கோபம்தான். ஒரு வாரம் பேசவில்லை, பிறகு அவரே மாங்காய் ஊறுகாய் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

மாமா சொன்ன விஷம்

நண்பன் பக்கத்துக்கு வருகிறேன். எபெட்ரினை முதலில் பிரித்தெடுத்தவர் நாகாய் நாகயோஷி. தொகுஷிமாக்காரர். பெர்லினில் ஹோஃப்மனிடம் வேதியியல் படித்துவிட்டுத் திரும்பி, 1885-இல் தோக்கியோவில் மாவோவிலிருந்து அதை எடுத்தார். எடுத்து என்ன செய்ய? கண்ணின் பாப்பாவை விரிக்கும் மருந்தாகப் பார்த்தார்கள், நஞ்சு என்று ஒதுக்கினார்கள். ஆஸ்துமா அவர்கள் மனதில் வரவே இல்லை, அத்தனை நூற்றாண்டுகளாகச் சீன மருத்துவர்கள் இழுப்புக்கும் மூக்கொழுகலுக்கும் அதைக் கொடுத்துக்கொண்டிருந்தும். இது எனக்கு இன்றும் ஆச்சரியம். பொருளை எடுத்துக்கொண்டார்கள், அது எதற்கு என்பதை விட்டுவிட்டார்கள்.

சுமார் நாற்பது ஆண்டுகள் கழித்து, பெய்ஜிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் சென் என்ற இளைஞர் (கே. கே. சென் என்று மருந்தியல்காரர்களுக்குத் தெரியும்) சீன மூலிகைகளில் எதை ஆராயலாம் என்று தன் மாமாவைக் கேட்டார். மாமா மூலிகை அறிந்தவர். அவர் சத்தான, உடம்புக்கு நல்ல மூலிகை எதையும் சொல்லவில்லை, நஞ்சு என்று பெயரெடுத்த மா ஹுவாங்கைச் சொன்னார். மாவோவுக்குச் சீனப் பெயர் அது. சென் கடையில் வாங்கிக் கஷாயம் வைத்து மயக்கத்தில் இருந்த ஒரு நாயின் ரத்தக்குழாயில் ஏற்றினார். ரத்த அழுத்தம் ஏறியது. ஷ்மிட் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து 1924-இல் எழுதினார். அட்ரினலின் மாதிரியே வேலை செய்கிறது, ஆனால் வாயில் சாப்பிட்டாலும் வேலை செய்கிறது, நீண்ட நேரம் நிற்கிறது. 1926 வாக்கில் எலி லில்லி என்ற அமெரிக்க மருந்து நிறுவனம் அதை விற்க ஆரம்பித்தது. சென் பிறகு அங்கேயே மருந்தியல் பிரிவுக்குத் தலைவராகப் போனார். எனக்குப் பிடித்த மனிதர் இந்தக் கதையில் அந்த மாமாதான். எது விஷமோ அதில்தான் சரக்கு இருக்கும் என்று தெரிந்தவர்.

தனிப்பொருளாகப் பிரித்தால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்கிற நண்பனின் நினைப்புக்கும் இதே பொருளில் பதில் இருக்கிறது. அதே நாகாய் 1893-இல் எபெட்ரினிலிருந்து மெத்ஆம்ஃபெட்டமின் என்ற போதை தரும் ஊக்கமருந்தைச் செய்தார். 1941-இல் அது ஃபிலோபோன் என்ற பெயரில் ஜப்பானிய மருந்துக் கடைகளுக்கு வந்தது. போர் முடிந்ததும் அதற்கு அடிமையானவர்கள் பெருகி, 1951-இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. மறுபக்கம், பிரிக்காமல் மூலிகையாகவே விற்றவர்கள் அமெரிக்காவில் எபெட்ராவை உடல் இளைக்கும் மாத்திரை ஆக்கினார்கள். 2003-இல் ஸ்டீவ் பெக்லர் என்ற பேஸ்பால் வீரர் இறந்தார், 2004-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ அந்த மாத்திரைகளைத் தடை செய்தது. சளிக்கும் இழுப்புக்கும் சில நாள் கொடுக்க வேண்டியதை மாதக்கணக்கில் இளைப்பதற்குச் சாப்பிட்டால் எந்த வைத்திய நூல் என்ன செய்யும்?

சோதனைக் குழாயில் எல்லாமே ஜெயிக்கும்

தேடத் தொடங்கியதும் தெரிந்தது, கிழக்காசிய மூலிகைகளின் ஒவ்வாமை எதிர்ப்புப் பொருட்கள் பற்றிக் கட்டுரைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஓகோன் வேரின் பைகலீன், வோகோனின், ஷிசோ இலையின் ரோஸ்மரினிக் அமிலம், பல செடிகளில் உள்ள லுட்டியோலின், குவெர்செடின். பெரும்பாலும் ஒரே சோதனைதான். எலியின் ரத்தப் புற்றிலிருந்து எடுத்து வளர்க்கும் ஒரு செல் வகை இருக்கிறது. அதன்மேல் ஐஜிஇ என்ற எதிர்பொருளைப் பூசி (1966-இல் இஷிசாகா தம்பதியர் கண்டுபிடித்தது), ஒவ்வாப்பொருளைச் சேர்த்தால் செல் தன் உள்ளடக்கத்தைக் கொட்டும். ஒவ்வாமையைக் கிளப்பும் ஹிஸ்டமினோடு ஒரு நொதியும் வெளியே வரும், அந்த நொதியை அளப்பது எளிது. ஒரு வேதிப்பொருளைச் சேர்த்தால் மஞ்சளாகும், எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு ஒவ்வாமை. மூலிகைச் சாற்றைச் சேர்த்து மஞ்சள் குறைந்தால் கட்டுரை தயார்.

குறையத்தான் செய்யும். குவெர்செடின் போன்ற ஃபிளேவனாய்டுகள் அந்தச் செறிவில் பல செல்களின் பல வேலைகளைத் தடுக்கும். ஆனால் குவெர்செடினை நாம் விழுங்கினால் குடலும் ஈரலும் அதை மாற்றிவிடுகின்றன, ரத்தத்தில் அந்தச் செறிவு வருவது கடினம். இதைப் பார்த்துவிட்டு "விஞ்ஞானிகள் நிரூபித்த மூலிகை" என்று டப்பாவில் அச்சடிக்கிறவர்கள் மேல்தான் எனக்கு எரிச்சல், ஆராய்ச்சியாளர்கள் மேல் இல்லை. இதே ஓகோன் வேர் சேர்ந்த ஷோசைகோதோ என்ற கூட்டை ஈரல் அழற்சிக்குச் சாப்பிட்டவர்களில் 10 பேர் நுரையீரல் அழற்சியால் இறந்ததாக 1996-இல் ஜப்பானிய சுகாதார அமைச்சகம் அவசர எச்சரிக்கை விட்டது. சந்தேகப் பட்டியலில் முதலில் நிற்பது அந்த வேர்தான். குழாயில் ஒவ்வாமையை அடக்கியது, சிலருடைய நுரையீரலில் ஒவ்வாமை போன்ற ஒன்றைக் கிளப்பியிருக்கலாம்.

இந்த வழியில் நேர்மையாக முழுத் தூரம் போனவர்கள் என்றால் நியூயார்க் மவுண்ட் சினாயில் ஷியு-மின் லீயின் குழு. நிலக்கடலை ஒவ்வாமைக்கு ஊ மேய் வான் என்ற பழைய கூட்டிலிருந்து தொடங்கினார்கள். முதல் வடிவத்தில் பதினொரு மூலிகைகள். அதிலிருந்து அசாரத்தையும் நாபி இனத்து வேரையும் நச்சுக்கு அஞ்சி எடுத்துவிட்டு ஒன்பதாக்கினார்கள். அசாரம் ஆடுதீண்டாப்பாளையின் குடும்பம். 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் இளைக்க வைக்கும் சிகிச்சையில் ஒரு சீன வேருக்குப் பதில் அந்தக் குடும்பத்து வேறொரு வேர் மாறிப்போய் நூற்றுக்கு மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் கெட்டது நினைவிருக்கலாம். (என் பொடியில் அசாரம் இருக்கிறதே என்றால், இங்கே வேரை மட்டும் எடுத்து, சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறதா என்று சோதித்துத்தான் சேர்க்கிறார்கள்.) எலிகளில் அந்த ஒன்பது மூலிகை மாத்திரை அற்புதமாக வேலை செய்தது. நிலக்கடலை கொடுத்தும் எலிகள் அதிர்ச்சிக்குப் போகவில்லை, நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் பாதுகாப்பு நீடித்தது. அப்புறம் மனிதர்கள். 68 பேர், ஆறு மாதம், வேளைக்குப் பத்து மாத்திரை, நாளுக்கு மூன்று வேளை. முப்பது மாத்திரை! 2015-இல் முடிவு வந்தது. பாதுகாப்பானது, ஆனால் அந்த அளவில் பலன் இல்லை. 44 சதவீதம் பேர் ஆய்வுக் காலத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு நாட்களுக்கு மாத்திரையைச் சரியாகச் சாப்பிடவில்லை. பதின்வயதுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள், குறை சொல்ல முடியுமா? இதற்கிடையிலேயே கூட்டைச் சுத்திகரித்து அளவைக் குறைப்பதிலும் இறங்கியிருந்தார்கள், பெர்பெரின் என்ற பொருள் ஐஜிஇ உற்பத்தியைக் குறைப்பதைக் கண்டிருந்தார்கள். நம் மரமஞ்சளின் மஞ்சளும் பெர்பெரின்தான். அதுவும் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும் பொருள், தொந்தரவு விடவில்லை.

இந்தத் தோல்விக் கட்டுரையை நான் மரியாதையோடு படித்தேன். ஜெயித்ததாகச் சொல்லும் நூறு மஞ்சள் குழாய்களைவிட இதில் எனக்குக் கிடைத்தது அதிகம். எவ்வளவு கொடுத்தார்கள், யார் சாப்பிடவில்லை, என்ன ஆகவில்லை என்று எல்லாமே இருக்கிறது.

நண்பனிடம் இதையெல்லாம் கொண்டுபோனேன். "பாத்தியா, அதைத்தான் சொன்னேன், ஒரு பொருளைப் பிடி" என்றான். அப்போது நான் வைத்திருந்த இன்னொரு தகவலைப் போட்டேன். ஜப்பானில் கிதாசாதோ பல்கலைக்கழகத்தாரும் தேசிய ஆய்வு நிறுவனத்தாரும் மாவோவிலிருந்து எபெட்ரின் வகைகளை முழுக்க நீக்கிவிட்டு மிச்சச் சாற்றைச் சோதித்திருக்கிறார்கள். வலி குறைப்பது, இன்ஃப்ளுயென்சா வைரஸைத் தடுப்பது என்று சோதனைகளில் மிச்சத்துக்கும் வேலை இருந்தது. ஆக, தண்டு ஒன்றிலேயே எபெட்ரின் மட்டும் இல்லை, எட்டும் சேர்ந்த பொடியில் ஏழு அலங்காரம் என்று எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "சரி, மூக்குக்கு அந்த மிச்சம் என்ன செய்யுதுன்னு சொல்லு, எந்த அளவுலன்னு சொல்லு. நம்பறேன்" என்றான். அது நியாயமான கேள்வி. 1990களில் பத்தொன்பதாம் நம்பரைப் போலி மருந்தோடு வைத்து ஆண்டு முழுதும் மூக்கொழுகுகிறவர்களிடம் இரண்டு வாரம் சோதித்திருக்கிறார்கள், பொடிக் குழுவில் தேறியவர்கள் அதிகம் என்றேன். "நாக்கு மரத்துப்போற பொடிக்குப் போலி எப்படிப் பண்ணுவாங்க?" என்று திருப்பிக் கேட்டான். பட்டை வாசனையோடு காய்ச்சிய எதையும் கண்டுபிடித்துவிடுகிற மூக்குகள்தானே இவை, அடைத்திருந்தாலொழிய.

டாக்டர் இந்த ஜூனில் என்னை நாக்கடி மாத்திரைக்கு மாற்றினார். சுகி பூந்தூளின் சாறேதான், தினமும் ஒரு நிமிடம் நாக்கின் கீழ் வைத்து விழுங்க வேண்டும், குறைந்தது மூன்று ஆண்டு. பூந்தூள் பறக்கும் மாதங்களில் தொடங்கக் கூடாது என்பதால் ஜூன். பொடியைத் தினமும் வேண்டாம், ரொம்ப மோசமான நாட்களுக்கு மட்டும் என்றார். நண்பன் இந்த ஏற்பாட்டுக்கு மட்டும் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. அவனுக்கும் இந்த வருஷம் தும்மல் ஆரம்பித்துவிட்டது.